கையால் மரப்பெட்டி செய்யப் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பழைய வீடுகள் பலவற்றில் இன்றும் ஓர் அறையின் மூலையில் பெட்டகம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த சிலருக்கு அதுபோல ஒன்றைத் தம் கையால் செய்ய வேண்டும் என்ற ஆசை வருகிறது. நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஓர் ஓடாவியாருடன், அதாவது மரத்தச்சருடன், மூன்று வருடங்கள் கூட நின்று இந்த வேலையைப் பழகியவன். இப்போது விடுமுறை நாட்களில் என் வீட்டு விறாந்தையில் சிலருக்குப் பழக்குகிறேன். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே உள்ளன.

பெட்டி, பெட்டகம், பேழை ஆகியவற்றுள் எதை முதலில் செய்ய வேண்டும்?

சிறிய பெட்டியைத்தான் முதலில் செய்ய வேண்டும். பெட்டகம் என்பது மூன்று அல்லது நான்கு அடி நீளத்தில், பட்டுச்சேலை, நகை, காணி உறுதி, செப்புப் பாத்திரம் என்று ஒரு வீட்டின் பெறுமதியான பொருட்களையெல்லாம் வைத்துப் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டது. எங்கள் பகுதியில் வீடு பெண் பிள்ளைக்குச் சேர்வதே வழக்கம் என்பதால், வாசலால் வெளியே எடுப்பதற்கும் சிரமமான அந்தப் பெட்டகம் வீட்டோடு வீடாகத் தாயிடமிருந்து மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பேழை என்ற சொல்லைக் கோயில் சார்ந்த பெட்டிகளுக்கே பெரும்பாலும் சொல்கிறோம். 12 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 6 அங்குல உயரம், அரை அங்குலத் தடிப்புள்ள பலகை என்ற அளவில் தொடங்கினால், பெரிய பெட்டகத்தில் வரும் எல்லா மூட்டுகளும் அதிலும் வரும். பிழைத்தாலும் வீணாகும் பலகை கொஞ்சம்தான்.

முன் அனுபவம் இல்லாதவர் எவ்வளவு காலத்தில் பழகலாம்?

சனி, ஞாயிறுகளில் மட்டும் வேலை செய்பவர் முதற் பெட்டியை முடிக்க ஏறக்குறைய இரண்டு மாதங்கள் எடுக்கிறார் என்பது நான் கண்டது. அதில் முதல் மூன்று வாரங்கள் பெட்டிக்கே போவதில்லை. உளி தீட்டுவதற்கும், கோட்டின் மேல் வாள் பிடிப்பதற்கும், பலகையைச் சமமாகச் சீவுவதற்கும் போய்விடும். அந்த மூன்று வாரங்களைத் தாண்டப் பொறுமையில்லாமல் நேரே பெட்டிக்குப் போனவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிட்டார்கள்.

எந்த மரம் நல்லது?

பழகுவதற்கு மஹோகனி நல்லது. வாளுக்கும் உளிக்கும் இணங்கும், அதிகம் முறுகாது. தேக்கு அதைவிடச் சிறந்ததுதான். ஆனால் விலை கூடியது என்பதால் முதற் பெட்டிக்கு நான் அதைச் சொல்வதில்லை. வேம்பு வீட்டு வளவிலேயே கிடைக்கும், பூச்சி எளிதில் தொடாது, வெட்டும்போது வரும் கசப்பு மணமும் துணி வைக்கும் பெட்டிக்குப் பொருத்தமானது. ஆனால் சில பலகைகளில் மரநார் குறுக்கும் மறுக்குமாக ஓடுவதால் சீவுளி நாரைப் பிடுங்கும். பூவரசும் பலாவும் கைவேலைக்கு இனியவை. சிங்களத்தில் ஹல்மில்லை எனப்படும் சவண்டலை, வளைந்தும் உடையாத உறுதி கொண்டது. திருகோணமலையின் பெயரால் உலகச் சந்தையில் அறியப்பட்டதும் சாராயப் பீப்பாய்களுக்குப் பயன்பட்டதும் இந்த மரமே.

முதிரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பெட்டகங்களில் பொன்னிறமாக, பட்டுத்துணியைப் போல ஒளி மாறி மாறித் தெரியும் பலகையைக் கண்டால் அது முதிரையாக இருக்கலாம். அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியைக் கிட்டத்தட்ட எட்டிவிடும். தேக்கைப் போல ஒன்றரை மடங்கு பாரம். கற்றுக்குட்டியின் உளியை அது அரை மணி நேரத்தில் மழுங்கச் செய்துவிடும். அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும். இரண்டு மூன்று பெட்டிகள் செய்த பின்னர் அதைத் தொடுவதே நல்லது. கருங்காலியைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். அதை வெட்டுவது தடைசெய்யப்பட்டிருக்கிறது.

மரத்தை எங்கே வாங்குவது? சட்டச் சிக்கல் வருமா?

அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையத்திலோ அனுமதி பெற்ற மரக்காலையிலோ பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள், அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சொந்த வளவில் நிற்கும் மரம் என்பதற்காக நினைத்தவுடன் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா முதலிய மரங்களுக்கு முன் அனுமதி தேவை. வெட்டிய மரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றிச் செல்வதற்கும் பல மரங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரதேச செயலகத்தில் ஒருமுறை விசாரித்துவிட்டுக் கோடரியை எடுப்பது நல்லது.

இவற்றையெல்லாம்விட நான் விரும்புவது பழைய மரம். உடைக்கும் வீடுகளின் கதவுப் பலகை, யன்னல் சட்டம், கூரை மரம் ஆகியவற்றில் ஐம்பது அறுபது வருடம் காய்ந்த முதிரையும் தேக்கும் இன்னமும் கிடைக்கின்றன. விறகாகப் போகவிருக்கும் ஒரு கதவுப் பலகையிலிருந்து இரண்டு பெட்டிகள் செய்யலாம். ஆனால் சீவுவதற்கு முன் பலகையின் இருபுறமும் ஒரு காந்தத்தைத் தடவிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி சீவுளியின் அலகைப் பல்லுப் பல்லாக்கிவிடும்.

புதிதாக அரிந்த பலகை எவ்வளவு நாள் காய வேண்டும்?

ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. எங்கள் வெப்பத்தில் மென்மையான மரங்கள் சில மாதங்களிலேயே வேலைக்கு ஏற்ற அளவு காய்ந்துவிடும். ஆனால் பலகை காய்ந்ததா என்பதை நாட்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பலகையில் ஒரு துண்டை வீட்டுத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வாருங்கள். நிறை குறைவது நின்று மூன்று நான்கு வாரம் ஒரே அளவில் இருந்தால், சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குப் பலகை இணங்கிவிட்டது என்று பொருள்.

அடுக்குவதிலும் முறை இருக்கிறது. நிலத்திலிருந்து ஓரடியாவது உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சமமான தடிப்புள்ள குச்சிகளை, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வருமாறு வைத்து அடுக்க வேண்டும். பலகையின் இரண்டு தலைப்புகளிலும் பழைய பெயின்ற் அல்லது மெழுகைப் பூச வேண்டும். தலைப்பால் ஈரம் விரைவாக வெளியேறுவதால்தான் வெடிப்பு அங்கே தொடங்குகிறது. நிழல் வேண்டும், காற்றோட்டம் வேண்டும். ஆனால் கச்சான் என்ற வரண்ட காற்று நேரே அடிக்கும் இடத்தில் அடுக்கினால் ஒரு வாரத்தில் தலைப்பெல்லாம் பிளந்துவிடும். நான் பழகிய காலத்தில், அவசரப்பட்டு அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவப் போனேன். ஓடாவியார் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "பொறு மனே, இன்னும் குளிருது" என்று திரும்பவும் அடுக்கிலேயே வைத்தார். ஈரப் பலகை தோலுக்குக் குளிரும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்தப் பரிசோதனையை இன்றும் தராசுக்கு முன் செய்துகொள்கிறேன்.

என்ன கருவிகள் வேண்டும்?

நுண்ணிய பல்லுள்ள கைவாள் ஒன்று, கால், அரை, முக்கால் அங்குல உளிகள் மூன்று, சீவுளி ஒன்று, மூலைமட்டம், அளவுநாடா, கூரிய சிறு கத்தி, கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியல், விளிம்புக்கு இணையாகக் கோடு கிழிக்கும் கட்டை, சாணைக்கல் ஆகியவை போதும். கொட்டாப்புளியையும் கோடு கிழிக்கும் கட்டையையும் நீங்களே செய்யலாம். அவற்றைச் செய்வதே நல்ல பயிற்சி. கிளாம்ப் வாங்கப் பணமில்லாவிட்டால், பெட்டியைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, இடையில் ஒரு தடியைச் செருகி முறுக்கினால் நான்கு மூலையும் ஒரே அளவில் இறுகும்.

இயந்திரம் பயன்படுத்தினால் குற்றமா?

இல்லை. தடித்த பலகையை மரக்காலையில் கொடுத்து அரிந்து எடுப்பதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது. மூட்டு வெட்டுவதை மட்டும் கையால் பழகுங்கள்.

உளி ஏன் மரத்தை வெட்டாமல் நசுக்குகிறது?

தீட்டாததால். கடையில் வாங்கிய உளி தீட்டிய உளி அன்று. அதன் சரிவு சுமார் 25 பாகையில் இருக்க, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுவது வழக்கம். அதைவிட முக்கியமானது உளியின் தட்டையான முதுகு. நுனிப் பக்கம் ஓர் அங்குலமாவது கண்ணாடிபோல் சமமாகும்வரை அதைக் கல்லில் தேய்க்க வேண்டும். சரிவை எவ்வளவு தீட்டினாலும் முதுகு சமமில்லாத உளி கூராகாது. ஒரு கட்டையின் தலைப்பில், அதாவது நார் வெட்டுண்ட முகத்தில், கையால் மட்டும் தள்ளிச் சீவிப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளத்தால் உளி தயார். வெண்மையாகப் பொருபொருத்தால் திரும்பவும் கல்லுக்குப் போக வேண்டும்.

புறாவால் மூட்டு (புறாவின் வால்போல விரிந்த இணைப்பு) எப்படி வெட்டுவது? மூலைகளில் ஆணி அடித்தால் போதாதா?

ஆணி அடித்த மூலை நான்கு மாரியைத் தாண்டாது. பலகை ஊதிச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் ஆணித்துளை சிறிது அகலும். கரையோர உப்புக் காற்றில் ஆணியும் துருவேறும். புறாவால் மூட்டில் ஒரு பலகையின் தலைப்பில் விரிந்த வால்களையும் மற்றப் பலகையில் அவற்றுக்கு ஏற்ற முளைகளையும் வெட்டிக் கோக்கிறோம். ஒரு திசையில் இழுத்தால் மரமே முறிந்தாலொழியக் கழலாது.

சாய்வின் அளவை ஓடாவிகளின் கணக்கில் சொல்வது எளிது. அங்குலத்தின் எட்டில் ஒன்று ஒரு நூல். வைரமான மரத்தில் ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு நூல் சாய்வு போதும். அதற்கு மேல் சரித்தால் வாலின் கூர்முனைகள் முறியும். முதலில் வால்களை வெட்டி, அந்தப் பலகையையே மற்றப் பலகையின் தலைப்பில் வைத்து, கத்தி நுனியால் வாலைச் சுற்றிக் கோடு கிழிக்க வேண்டும். பென்சிலின் கோட்டுக்குத் தடிப்பு உண்டு, கத்தியின் கோட்டுக்கு இல்லை. இந்த மூட்டில் அந்த வித்தியாசமே இறுக்கத்தையும் இடைவெளியையும் தீர்மானிக்கிறது. பிறகு வாளைக் கோட்டின் மேல் வைக்காமல், எறியப்போகும் பக்கத்தில், கோடு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்படி இழுக்க வேண்டும். இடையிலுள்ள துண்டை உளியால் எடுக்கும்போது ஒரு பக்கத்திலிருந்து பாதி ஆழம் வெட்டி, பலகையைப் புரட்டி மறுபாதியை வெட்ட வேண்டும். ஒரே பக்கத்தில் முழுவதும் வெட்டினால் அடிப்பக்கத்தில் நார் பிய்ந்துவிடும்.

நான்கு மூலைகளுக்கும் 1, 2, 3, 4 என்று இலக்கமிட மறக்காதீர்கள். பசை பூசுவதற்கு முன் ஒரேயொரு முறை, அதுவும் பாதி ஆழத்துக்கு மட்டும், கோத்துப் பாருங்கள். பலமுறை கோத்துக் கழற்றினால் மூட்டு தளரும். பசை பூசி இறுக்கியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் ஒரே அளவாக இருந்தால் பெட்டி கோணலில்லாமல் நிற்கிறது என்று அறியலாம். பசை காய்ந்த பிறகு கோணலைத் திருத்த முடியாது.

பெட்டியின் மூடி ஏன் வெடிக்கிறது?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிக முக்கியமானது இதுதான். ஏனென்றால் நான் செய்த முதல் பெரிய பெட்டியின் மூடியே வெடித்தது. மார்கழி மழையில் அந்த மூடியை ஒட்டினேன். அது வளையாமலிருக்க அதன் அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்களை நீளம் முழுவதும் பசை பூசி, ஐந்து ஐந்து திருகாணி போட்டு இறுக்கினேன். மிகவும் உறுதியாகச் செய்துவிட்டேன் என்று மகிழ்ந்திருந்தேன். ஆடியில் கச்சான் வீசிய ஓர் இரவில் துப்பாக்கி வெடித்ததுபோலச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தபோது, மூடி நடுவில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பிளந்திருந்தது.

மரம் நார் ஓடும் நீளத்தில் அநேகமாக மாறுவதில்லை. அகலத்தில் மாறும். மர வளையங்களின் வழியே சுருங்கும் அளவு, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்கும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாவியும் கடலும் இருபுறமும் இருக்கும் எங்கள் ஊர்களில் மாரிக் காற்றின் ஈரத்துக்கும் கச்சான் காலத்து வரட்சிக்கும் இடையில், 18 அங்குல அகலமுள்ள ஒரு தேக்கு மூடி ஒரு நூலளவு சுருங்கக்கூடும். குறுக்குச் சட்டமோ தன் நீளத்தில் சுருங்காது. சுருங்கும் பலகையைச் சுருங்காத சட்டத்தில் அசையாமல் பூட்டினால் பலகை எங்கேயாவது பிளந்துதான் ஆக வேண்டும்.

அதன் பிறகு அம்மம்மாவின் பெட்டகத்தைத் திறந்து, டோர்ச் அடித்து, மூடியின் உட்புறத்தை முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். குறுக்குச் சட்டத்தின் நடுவில் இருந்த துளை மட்டும் வட்டமாக இருந்தது. ஓரங்களில் இருந்த துளைகள் புளியங்கொட்டை வடிவில் நீண்டிருந்தன. தேய்ந்து நீண்டவை அல்ல, உளியால் வேண்டுமென்றே நீட்டப்பட்டவை. ஆணி அந்த நீண்ட துளைக்குள் நகர்ந்து நகர்ந்து கருமையாகப் பதித்த தடத்தைக் கையால் தடவ முடிந்தது. சிறு வயது முதல் அந்த மூடியின் மேல் ஏறி இருந்து விளையாடிய எனக்கு அது அன்றுவரை கண்ணில் படவில்லை.

ஆகவே நடுவில் மட்டும் இறுக்குங்கள், ஓரத் துளைகளை மூடியின் அகலவாக்கில் நீட்டுங்கள், சட்டத்துக்குப் பசை பூசாதீர்கள். உங்கள் வீட்டில் பழைய பெட்டகம் இருந்தால் வேலையைத் தொடங்குவதற்கு முன் அதைத் திறந்து ஒரு மணி நேரம் பாருங்கள்.

அடித்தட்டை எப்படிப் பொருத்துவது?

நான்கு சுவர்ப் பலகைகளின் உட்புறத்திலும், கீழ் விளிம்புக்கு மேலே இரண்டு நூல் விட்டுக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, அடித்தட்டை அதற்குள் பசையின்றிச் செருக வேண்டும். காடிக்குள் பலகை ஊத இடம் இருக்க வேண்டும். கோடையில் செய்தால் கூடுதலான இடமும், மாரியில் செய்தால் குறைவான இடமும் விடுங்கள். பெரிய பெட்டியென்றால் நிலத்து ஈரமும் கறையானும் அண்டாதபடி கால்கள் அவசியம்.

எந்தப் பசை?

கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை பழகுபவருக்குப் போதும். 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரத்தை, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, கொதிக்கவிடாமல் சூடாக்கிப் பூச வேண்டும். ஈரமும் சூடும் கொடுத்தால் அது திரும்பவும் இளகும் என்பதால், பழைய பெட்டகங்களைத் திருத்துவதற்கு அதுவே ஏற்றது.

பிணைச்சல், பூட்டு, பித்தளைத் தகடு ஆகியவற்றை எப்போது பூட்டுவது?

பொலிஷ் முடிந்த பின்னர். பெரிய பெட்டகங்களில் காணும் பித்தளை மூலைக்காப்பும் பூட்டைச் சுற்றிய வேலைப்பாட்டுத் தகடும் ஒல்லாந்தர் காலத்துச் செல்வாக்கைக் காட்டுபவை. மட்டக்களப்புக் கோட்டை 1638இல் அவர்கள் கைக்குப் போனது. கரையோரத்தில் இரும்பைவிடப் பித்தளையே நிலைக்கும். ஆனால் பித்தளைத் திருகாணி மென்மையானது, முதிரையில் முறுக்கும்போது தலை அறுந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் முறுக்கி வழி எடுத்துக் கழற்றிவிட்டு, பித்தளைத் திருகாணியைத் தேன்மெழுகில் தொட்டுப் பூட்டுங்கள்.

பொலிஷ் எப்படிப் போடுவது?

அரக்கைத் தட்டைச் சில்லுகளாக வாங்கி ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை உள்ளே வைத்த துணிப்பொதியால் மெல்லிய பூச்சாகப் பல தடவை பூச வேண்டும். மழை நாளில் பூசினால் காற்றின் ஈரத்தால் வெண்படலம் பிடிக்கும். ஆகையால் ஐப்பசியில் பெட்டி முடிந்தாலும் தையில் மழை ஓய்ந்து வெயில் வரும்வரை பொலிஷைத் தள்ளிப்போடுவது நல்லது. உட்புறத்துக்கு எண்ணெய் பூச வேண்டாம். மூடிய பெட்டிக்குள் எண்ணெய் சிக்கெடுத்துத் துணியில் மணக்கும். வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், பூசிய துணியைச் சுருட்டி எறியாமல் விரித்துக் காயவிட வேண்டும். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது.

தூளால் ஆபத்து உண்டா?

உண்டு. வைர மரங்களின் தூளை நெடுங்காலம் சுவாசிப்பது மூக்கில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. அரத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

பெண்கள் பழகலாமா?

என்னிடம் பழகியவர்களில் மிக நேர்த்தியாக மூட்டு வெட்டுபவர் ஒரு தையற்காரப் பெண். இந்த வேலைக்குத் தேவையானது தோள்பலத்தைவிடக் கண்ணும் பொறுமையும்தான்.

சான்றிதழ் பெற வழி உண்டா?

தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தச்சுத் தொழிலுக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை வழங்கப்படுகிறது. ஓடாவியிடம் பழகியவரும், முன்பு கற்றதை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் முறையின் கீழ் விண்ணப்பிக்கலாம். பாடநெறிகள் பெரும்பாலும் கதவு, யன்னல், தளபாட வேலையை நோக்கியவை. பெட்டி வேலையின் நுணுக்கத்துக்கு ஓர் ஓடாவியாரின் பக்கத்தில் நிற்பதற்கு ஈடில்லை. ஊரில் வயதான ஓடாவி ஒருவர் இருந்தால் வெற்றிலைத் தட்டோடு போய்க் கேளுங்கள்.

வீட்டிலுள்ள பழைய பெட்டகத்தில் மாவு போலத் தூள் கொட்டுகிறது. நானே திருத்தலாமா?

குண்டூசித் தலையளவு துளைகளும் கீழே மா போன்ற தூளும் இருந்தால் அது வண்டு. அது மரத்தின் நடுவிலுள்ள கடினமான வைரப் பகுதியை விட்டுவிட்டு, மாச்சத்துள்ள வெளிறிய வெள்ளைப் பகுதியையே பெரும்பாலும் தின்னும். திறந்திருக்கும் மரத்துளைகளிலேயே முட்டையிடும். எனவே தூளைத் துடைத்து, பூச்சில்லாத பரப்புகளில் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை ஊறும்படி பூசி, காய்ந்ததும் அரக்குப் பூச்சால் மூடுங்கள். மண் பூசிய தடம் சுவரிலிருந்து ஏறியிருந்தால் அது கறையான். முதலில் பெட்டகத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

பழைய பூச்சை முழுவதும் சுரண்டிப் புதிதாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கைபட்டுக் கைபட்டு வந்த அந்த நிறம் எந்தப் பொலிஷாலும் திரும்பி வராது. மூட்டைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து, உட்புறத்தில் பென்சிலால் இலக்கமிட்டு, வெந்நீரில் நனைத்த துணியை மூட்டின் மேல் வைத்து வச்சிரம் இளகும்வரை காத்திருந்து, பலகைக்கும் கொட்டாப்புளிக்கும் இடையில் ஒரு மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். இளகாவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் திரும்பவும் நனையுங்கள்.